பார்த்தாலே விடுதலை: இமயமலை புத்த மடங்களின் முகமூடி ஆட்டம், முதன்முறை பார்ப்பவர்களுக்கு

பூட்டானின் பாரோ ஊரில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஐந்து நாள் திருவிழா நடக்கும். கடைசி நாளன்று, பொழுது விடிய இன்னும் நேரம் இருக்கும்போதே வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். கீரா உடுத்திய பெண்களும், முழங்கால்வரை வரும் கோ அங்கியைக் கட்டிய ஆண்களும், தூக்கம் கலையாத குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, ரின்புங் கோட்டை மடத்தை நோக்கி இருட்டில் மேடேறுவார்கள். அங்கே ஒரு கட்டடத்தின் முகப்பு முழுவதையும் மறைக்கும் அளவுக்குப் பெரிய துணி ஒன்றை விரித்துத் தொங்கவிடுவார்கள். வெளிச்சம் கூடக்கூட அதிலுள்ள உருவம் துலங்கும். நடுவில், புத்த மதத்தை இமயமலை நாடுகளுக்குக் கொண்டுசேர்த்தவராகப் போற்றப்படும் குரு பத்மசம்பவர், சுற்றிலும் அவருடைய எட்டு வடிவங்கள். தீட்டிய ஓவியம் என்றுதான் முதலில் தோன்றும். பக்கத்தில் போனால் தெரியும், எல்லாமே பட்டுத் துண்டுகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்தவை.

கூட்டம் வரிசையில் நகரும். ஒவ்வொருவரும் துணியின் அடி விளிம்பை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். வெயில் நேராக அதன்மேல் விழுவதற்குள் சுருட்டிவிடுவார்கள். பிறகு அடுத்த ஆண்டுதான்.

அந்தத் துணிக்குத் தொங்ட்ரெல் என்று பெயர். ‘பார்த்தாலே விடுதலை’ என்பது அதன் பொருள். பார்த்த மாத்திரத்தில் பாவம் கரையும் என்ற நம்பிக்கை. தமிழர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. நாம் கோவிலுக்குப் போவதையே ‘சாமி பார்க்கப் போகிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? திரை விலகும் அந்த நொடிக்காக மணிக்கணக்கில் நிற்பவர்கள் நாம். பார்ப்பதே வழிபாடு என்ற இந்த எண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டால், இமயமலை புத்த மடங்களின் முகமூடி ஆட்டம் முக்கால்வாசி புரிந்துவிடும். அதை ‘கலாச்சார நிகழ்ச்சி’ என்று எண்ணிப் போய் உட்காருகிறவர்களுக்குத்தான் ஒரு மணி நேரத்தில் கால் மரத்து, சலிப்புத் தட்டுகிறது.

சேச்சு, சாம்: இரண்டு சொற்கள்

முதலில் சேச்சு. திபெத்திய மொழியில் ‘பத்தாம் நாள்’ என்று பொருள், அதாவது நம் தசமி. குரு பத்மசம்பவரின் வாழ்க்கையில் முக்கியமானவை எல்லாம் வளர்பிறைப் பத்தாம் நாளில் நடந்ததாக நம்பிக்கை. அதனால் அவர் பெயரில் நடக்கும் திருவிழாவுக்கு நாளின் பெயரே நிலைத்துவிட்டது. நாம் ‘ஏகாதசி’ என்றதும் பெருமாள் கோவில் நினைவுக்கு வருவது போலத்தான். ஆனால் எல்லாச் சேச்சுவும் சரியாகப் பத்தாம் நாளில் வருவதில்லை. பாரோவில் பூட்டான் நாட்காட்டியின் இரண்டாம் மாதம் 11 முதல் 15 வரை நடக்கிறது. ஆங்கிலத் தேதியில் பெரும்பாலும் மார்ச் அல்லது ஏப்ரல். தலைநகர் திம்புவில் இலையுதிர் காலத்தில் வரும். எல்லாம் நிலவை வைத்துக் கணக்கிடும் நாட்கள் என்பதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். போன ஆண்டுத் தேதியை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சாம். ‘அச்சம்’ என்பதில் வருகிறதே, அந்த அழுத்தமான ச்ச ஒலியோடு சொல்ல வேண்டும். மடத்துத் துறவிகள் முகமூடி அணிந்து ஆடும் சடங்கு ஆட்டம் இது. இதன் தோற்றக் கதையும் பத்மசம்பவரிடம்தான் போய் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டில் திபெத்திய மன்னர் திரிசோங் தெத்சன் சாம்யே என்ற இடத்தில் மடம் கட்டத் தொடங்கினார். பகலில் கட்டியதை இரவில் உள்ளூர் ஆவிகள் இடித்துப் போட்டன. பத்மசம்பவரை வரவழைத்தார்கள். அவர் வந்து, மண்ணில் கால் பதித்து ஆடி, அந்த ஆவிகளை அடக்கினார். அழிக்கவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டு, மடத்துக்கே காவலாக நிறுத்தினார் என்கிறது கதை. முரட்டுத் தெய்வத்தை ஊர் எல்லையில் காவலுக்கு வைக்கிற ஊர்களில் பிறந்த நமக்கு இதுவும் அந்நியமாக இருக்காது. முகமூடிகள் ஏன் அவ்வளவு கோபமாக, கோரைப்பல்லும் உருட்டிய கண்ணுமாக, நெற்றியில் மண்டையோட்டு வரிசையோடு இருக்கின்றன என்பதற்கு விடை இந்தக் கதையில் இருக்கிறது. அவை பேய்கள் இல்லை, காவல் தெய்வங்கள். அந்தக் கோபம் நம்மேல் வந்ததும் இல்லை. நமக்குள் இருக்கும் அறியாமையின் மேல் வந்தது.

பூட்டானில் இந்த ஆட்டங்கள் இவ்வளவு செழித்ததில் பெமா லிங்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1450 முதல் 1521 வரை வாழ்ந்த இந்தத் துறவி, தன் தியானக் காட்சிகளில் கண்ட ஆட்டங்களைச் சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவருடைய வழிவந்த திராமெத்சே மடத்தின் முரசாட்டம் இன்று நாடெங்கும் ஆடப்படுகிறது. விலங்கு முகமூடி அணிந்த 16 பேர் கையில் முரசோடு ஆட, 10 பேர் வாத்தியம் வாசிப்பார்கள். மானுட குலத்தின் வாய்மொழி, கலை மரபுச் செல்வங்களில் ஒன்றாக 2005-ல் யுனெஸ்கோ இதை அறிவித்தது.

முகமூடிக்குப் பின்னால்

ஆடுபவரின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பார்ப்போம். பூட்டானில் முகமூடியைப் பெரும்பாலும் மரத்தில் குடைவார்கள். லடாக்கில் மண், துணி, பசை கலந்து அச்சில் வார்ப்பதும் உண்டு. எப்படியானாலும் அது மனித முகத்தைவிடப் பெரியது. கண்ணுக்கு நேராகக் கண் அமையாது. அதனால் பல முகமூடிகளில், ஆடுபவர் திறந்திருக்கும் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்கிறார். தலையில் முதலில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டி, அதன்மேல் முகமூடியைப் பொருத்துவார்கள். இல்லாவிட்டால் ஒரு சுழற்சியில் நகர்ந்துவிடும், கன்னத்தையும் உராய்ந்துவிடும். உடுப்போ கனமான பட்டுச் சரிகை. அதோடு குதித்து, காற்றில் சுழன்று, ஒற்றைக் காலில் நின்று இறங்க வேண்டும். உங்களுக்குத் தெரிவது சிங்க முகம். உள்ளே வியர்த்து வழியும் ஒரு இளம் துறவி, சின்னத் துவாரம் வழியே முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்து அடி வைத்துக்கொண்டிருக்கிறார். இது தெரிந்த பிறகு ஆட்டத்தை முன்பு போலப் பார்க்க முடியாது.

முகமூடியை அணிந்ததும் ‘நான் இந்தத் தெய்வம்’ என்று மனத்தில் நிறுத்த வேண்டும் என்பது பயிற்சி. திருவிழாவுக்கு முன் மடத்துக்குள் பல நாள் பூசை நடக்கும். வெளியே நாம் பார்ப்பது அந்தப் பூசையின் கடைசிப் பகுதிதான். எல்லா ஆட்டமும் துறவிகளுக்கே உரியதில்லை, ஊர்க்காரர்கள் ஆடுபவையும் இருக்கின்றன. சாம்போன் என்ற ஆட்ட ஆசான் ஒருவர் முன்னால் நின்று எல்லோரையும் நடத்துவார். ஒரு கால் தப்பினாலும் அவர் தலை திரும்பும்.

வாத்தியங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆள் உயரத்தையும் தாண்டிய நீண்ட ஊதுகுழல் துங்சென். நம் எக்காளத்தின் பெரிய அண்ணன் போல இருக்கும், அடிவயிற்றில் அதிரும் தாழ்ந்த ஒலி. கியாலிங் கேட்டால் நிமிர்ந்து உட்காருவீர்கள். நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம் அது. மூச்சு விடாமல், கன்னத்தில் காற்றைத் தேக்கித் தொடர்ந்து வாசிப்பார்கள். ராகம் வேறு, ஆனால் கோவில் வாசலில் நிற்கிற உணர்வு வந்துவிடும். இவற்றோடு பெரிய தாளங்கள், முரசுகள்.

எமன் வரும் ஆட்டம்

ஒரு திருவிழாவில் பத்துப் பதினைந்து ஆட்டங்கள் இருக்கும். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு போக வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் முழுதாகப் பார்க்க முடியும் என்றால், என் பரிந்துரை ரக்ஷா மங்சாம். இறந்தவர்களுக்குத் தீர்ப்பு வழங்கும் ஆட்டம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும், முன்பாதி மெதுவாகத்தான் நகரும். எழுந்துவிடாதீர்கள்.

முதலில் விலங்குத் தலை கொண்ட ரக்ஷர்கள் வரிசையாக வந்து சுற்றி ஆடுவார்கள். எருதுத் தலையோன் நீதி அமைச்சர். பாம்புத் தலையோன் கையில் கண்ணாடி. செய்ததெல்லாம் அதில் தெரியும். குரங்குத் தலையோனிடம் தராசு. பிறகு பெரும் உருவமாக ஷிஞ்ஜே சோக்யால் வருவார். யாரென்று புரிகிறதா? எமதர்மராஜா. சமஸ்கிருதத்து எமன்தான் புத்த மதத்தோடு மலையேறிப் போய், திபெத்தியப் பெயர் சூடி அங்கே உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு இருபுறமும் வெள்ளைத் தேவன் ஒருவர், கறுப்புப் பூதம் ஒன்று. நம் சித்திரகுப்தன் ஒற்றை ஆளாகப் பார்க்கும் கணக்கு வேலை இங்கே பலர் கையில் பிரிந்திருக்கிறது.

கறுப்பு உடை அணிந்த ஒரு மனிதனை இழுத்து வருகிறார்கள். அவன் தூக்கி வரும் கூடையில் இறைச்சித் துண்டு, அவன் செய்த கொலைக்குச் சாட்சி. கறுப்புப் பூதம் குற்றங்களை அடுக்குகிறது. வெள்ளைத் தேவன், இவன் எப்போதாவது ஏதாவது நல்லது செய்திருப்பானே என்று தேடித் தேடி வாதாடுகிறார். தராசு தாழ்கிறது. மைதானத்தில் நீளமான கறுப்புத் துணி ஒன்றை விரிப்பார்கள். அதுதான் நரகத்துக்குப் போகும் பாதை. அவனை அதன்மேல் தள்ளிக்கொண்டு போகும்போது கூட்டத்தில் குழந்தைகள் அம்மாவின் மடிக்குள் புகுந்துகொள்வார்கள். அடுத்து வெள்ளை உடையில் ஒரு நல்லவன். அவனுக்கு வெள்ளைத் துணி விரிகிறது, தேவதைகள் எதிர்கொண்டு அழைக்கிறார்கள். அப்போதும் கடைசி நொடியில் கறுப்புப் பூதம் பாய்ந்து அவனைப் பிடிக்கப் பார்க்கும். வெள்ளைத் தேவன் தடுத்துவிடுவார். கூட்டத்திலிருந்த பாட்டிகள் அதுவரை பிடித்திருந்த மூச்சை விடுவார்கள். உதடுகள் மட்டும் மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இந்த ஆட்டத்துக்கு அடிப்படை பார்தோ தோத்ரோல் என்ற நூல். இறப்புக்கும் மறுபிறப்புக்கும் நடுவே உயிர் காணும் காட்சிகளை விவரிப்பது. அந்தப் பெயரின் பொருள் ‘இடைநிலையில், கேட்டாலே விடுதலை’. தொங்ட்ரெல் பார்த்தாலே விடுதலை, இது கேட்டாலே விடுதலை. இறந்தபின் இந்தப் பயங்கர முகங்கள் உன் முன்னால் வரும், அப்போது மிரண்டு ஓடாதே, இவை உன் மனத்தின் உருவங்கள்தான் என்று சொல்வது அந்த நூல். ஆட்டம் அதையே கண்ணுக்குக் காட்டுகிறது. ஆண்டுதோறும் உட்கார்ந்து பார்த்த முகம் என்றால், அன்றைக்கு அடையாளம் தெரியுமல்லவா? எண்பது வயதுப் பாட்டி அறுபது முறை பார்த்த ஆட்டத்தை மறுபடியும் பார்க்க வெயிலில் வந்து உட்காருவது இதற்காகத்தான்.

இன்னும் இரண்டை மட்டும் சொல்கிறேன். கறுப்புத் தொப்பி ஆட்டத்தில் முகமூடியே கிடையாது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் நீண்ட கைகளுள்ள அங்கியும்தான். இந்த ஆட்டத்தோடு சேர்ந்து வரும் கதை இது: புத்த மதத்தை ஒடுக்கிய திபெத்திய மன்னர் லங்தர்மாவை 842-ல் ஒரு துறவி அம்பெய்து கொன்றதாக மரபு. வில்லை நீண்ட அங்கிக் கைக்குள் மறைத்து, ஆடியபடியே மன்னரை நெருங்கினார். வெள்ளைக் குதிரைக்குக் கரி பூசி வந்திருந்தார். தப்பி ஓடும்போது ஆற்றில் இறங்க, கரி கரைந்து குதிரை வெள்ளையானது. வெள்ளை உள்துணி தெரிய அங்கியையும் திருப்பிப் போட்டுக்கொண்டார். கறுப்புக் குதிரையைத் தேடி வந்தவர்களுக்கு ஆள் அகப்படவில்லை.

மற்றொன்று, மாவில் பிடித்த சிறு மனித உருவத்தைக் குத்திக் கிழிக்கும் சடங்கு. அந்த உருவத்துக்கு ‘லிங்கா’ என்று பெயர். சிவலிங்கத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ‘அடையாளம்’ என்ற மூலப் பொருளில் வரும் சொல். அகந்தையும் பகையும் அந்த மாவுப் பொம்மைக்குள் இறக்கப்படுகின்றன, பிறகு அவை வெட்டி விடுவிக்கப்படுகின்றன. பலி என்று நினைத்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. உயிர்க்கொலையை விலக்கிய மதம் மாவை வைத்துச் செய்யும் சடங்கு இது.

நடுநடுவே நீண்ட மூக்கும் சிவந்த முகமுமாக ஒருவர் கூட்டத்துக்குள் புகுந்து வம்பிழுப்பார். அத்சாரா என்பது பெயர், ‘ஆசார்யா’ என்ற இந்தியச் சொல்லிலிருந்து வந்தது. கையில் மரத்தாலான ஆண்குறி இருக்கும். தீய சக்தியை விரட்டுவதற்கு. துறவியைப் போல நடித்துக் காட்டுவார், சுற்றுலாப் பயணியின் தொப்பியைப் பிடுங்குவார், அதே கையோடு போய் ஓர் ஆட்டக்காரரின் அவிழ்ந்த முகமூடிக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வருவார். தெருக்கூத்துக் கட்டியக்காரனைத் தெரிந்தவர்களுக்கு வேறு அறிமுகம் தேவையில்லை.

விருந்தாளியாகப் போகும்போது

பாஸ்போர்ட் இல்லாமலே இந்தியாவுக்குள் இதைப் பார்க்கலாம். லே நகரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டரில் உள்ள ஹெமிஸ் மடத்தில், திபெத்திய ஐந்தாம் மாதம் 10, 11 ஆகிய இரு நாட்களில் திருவிழா. ஜூன் அல்லது ஜூலையில் வரும். லடாக்கின் பெரும்பாலான மடத் திருவிழாக்கள் கடுங்குளிரில் வருபவை. ஹெமிஸ் கோடையில் வருவதால்தான் வெளியூர்க் கூட்டம் அங்கே குவிகிறது.

குளிரைத் தாங்க முடியும் என்றால் மாத்தோ மடத்து நாக்ரங் விழாவைப் பாருங்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். பல மாதம் தனிமையில் தியானம் இருந்த இரண்டு துறவிகள்மேல் ரோங்சன் தெய்வங்கள் இறங்குகின்றன. கண்ணை மூடிக் கட்டிய நிலையில் மடத்துக் கைப்பிடிச் சுவர்மேல் ஓடுகிறார்கள். கீழே பள்ளம். ஊர் மக்கள் வரப்போகும் ஆண்டைப் பற்றிக் குறி கேட்கிறார்கள். சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தக் கூட்டத்தின் முகங்களை உடனே புரிந்துகொள்வார்கள்.

பூட்டானும் லடாக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவு திறந்தது ஒரே ஆண்டில், 1974-ல். அதற்கப்புறம் நடந்த மாற்றங்கள் எல்லாம் நல்லவை என்று சொல்ல மாட்டேன். லடாக்கில் சில மடங்கள் குளிர்காலத் திருவிழாவைப் பயணிகள் வரும் கோடைக்கே நகர்த்திவிட்டன. மடத்துக்கு வருமானம் வருகிறது, கூரை ஒழுகாமல் இருக்கிறது. ஆனால் குளிர்காலம்தான் வயல் வேலை ஓய்ந்து ஊர் ஒன்றுகூடும் காலம். கோடையில் விவசாயி எப்படி வருவார்? பார்ப்பதுதான் புண்ணியம் என்ற ஒரு சடங்கில், அதை யார் பார்க்க வேண்டுமோ அவர்களால் வர முடியாமல் போவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. பூட்டானில் வேறு வழி கண்டிருக்கிறார்கள். வெளிநாட்டவருக்கு நாளொன்றுக்கு 100 டாலர், இந்தியர்களுக்கு 1,200 ரூபாய் என்று கட்டணம் வைத்துக் கூட்டத்தை மட்டுப்படுத்துகிறார்கள். இது அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நிலவுக் கணக்கு இல்லாமல் ஆங்கிலத் தேதியிலேயே நடக்கும் புது விழாக்களும் அங்கே உண்டு. போப்ஜிகாவின் கருங்கழுத்துக் கொக்கு விழா நவம்பர் 11, தோச்சுலா கணவாயில் ராணுவத்தினர் ஆடும் விழா டிசம்பர் 13. விடுமுறையை முன்கூட்டியே திட்டமிட வேண்டியவர்களுக்கு வசதி. ஆனால் பழைய சேச்சுவின் கனம் அவற்றில் கிடைக்காது.

போகிறவர்கள் சிலவற்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். ஆடுகளத்தைக் குறுக்கே கடக்கக் கூடாது. படம் எடுக்க உள்ளே ஓடி மண்டியிடும் ஆட்களை ஒவ்வொரு விழாவிலும் பார்க்கலாம். கருவறைக்குள் அப்படிச் செய்வோமா? நாம் நிற்கும் இடம் பின்னால் இருக்கும் பாட்டிக்கு மறைக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவருக்கு அது வேடிக்கை இல்லை. தொப்பியைக் கழற்றுங்கள், முழுக்கை உடை போடுங்கள், மடத்தை வலமாகவே சுற்றுங்கள். பூட்டானில் பும்தாங்கின் ஜம்பே லாகாங் கோவிலில் நள்ளிரவில் முகத்தை மட்டும் மூடி உடையின்றி ஆடும் ஓர் ஆட்டம் இருக்கிறது. அங்கே படமெடுக்கத் தடை. இணையத்தில் வந்துவிடும் என்ற பயத்தில் ஆடுபவர்கள் ஒதுங்கத் தொடங்கினால் ஒரு மரபே நின்றுவிடும். கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

லே நகருக்கு விமானத்தில் போகிறவர்கள் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் ஓய்வெடுங்கள். சுமார் 3,500 மீட்டர் உயரம், இறங்கியதும் சுற்றினால் தலைவலியோடுதான் ஆட்டம் பார்க்க வேண்டியிருக்கும். உட்கார ஒரு துண்டு, வெயிலுக்கு ஒரு குடை, கையில் கொஞ்சம் தின்பண்டம் வேண்டும். உள்ளூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாகச் சோற்றுக் கூடையோடு வருவார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் நீட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.

அவசரமில்லை, காத்திருக்கலாம் என்பவர்களுக்கு ஒரு தகவல். ஹெமிஸ் மடத்திலும் முத்துகள் கோத்த மாபெரும் பட்டுத் தங்கா, அதாவது தொங்கவிடும் புனிதத் துணிச்சித்திரம், ஒன்று இருக்கிறது. அதில் இருப்பவரும் பத்மசம்பவர்தான். அவர் பிறந்ததாகச் சொல்லப்படும் குரங்கு ஆண்டில் மட்டும், 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை வெளியே எடுப்பார்கள். கடைசியாக 2016-ல் விரித்தார்கள். அடுத்த குரங்கு ஆண்டு 2028.